முகாமை மூடினால் கணக்கு முடிந்துவிடுமா?

போர் ஓய்ந்ததும் எந்த அரசும் ஆசையாகச் செய்கிற அறிவிப்பு ஒன்று உண்டு: முகாம்களை மூடிவிட்டோம். மூடுவது நல்லதுதான். தார்ப்பாய்க்குக் கீழே யாரும் ஆயுளைக் கழிக்கக் கூடாது. ஆனால் அங்கே ஆட்களை ஏற்றிய பேருந்து எந்த இடத்தில் போய் இறக்கியது என்பதையும் கேட்க வேண்டுமே!

இலங்கையின் வவுனியா மெனிக் பாம் முகாமில் 2009இல் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். 2012 செப்டம்பரில் அது மூடப்பட்டது. கடைசியாக வெளியேறியவர்களில் முல்லைத்தீவின் கேப்பாப்புலவு மக்களும் உண்டு. அவர்களுடைய காணி படையினர் வசம் இருந்ததால், சீனியாமோட்டையில் காடு வெட்டிய இடத்தில் இறக்கிவிடப்பட்டார்கள். முகாம் கணக்கு முடிந்தது; அவர்கள் ஊர் போய்ச் சேரவில்லை. 2017இல் அந்தப் பகுதிப் பெண்கள் பிள்ளைகளோடு படைமுகாம் வாசலில் இரவும் பகலுமாக உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் காணி கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கப்பட்டது, அதுவும் முழுதாக இல்லை.

என்னைக் கேட்டால், வீடு கட்டிக் கொடுப்பது இரண்டாவது வேலை. முதல் வேலை, இந்த நிலம் உன்னுடையது, இனி யாரும் உன்னை வெளியேற்றமாட்டார்கள் என்று எழுதிக் கொடுப்பது. அந்த நம்பிக்கை இருந்தால் மனிதர்கள் கடன் வாங்கியாவது சுவர் எழுப்புவார்கள். இல்லாவிட்டால், கட்டிக் கொடுத்த வீட்டின் முற்றத்தில் ஒரு தென்னங்கன்றுகூட வைக்கமாட்டார்கள். காய்க்கும்வரை இருப்போமா என்று தெரியாதே.

வடக்கு உகாண்டாவில் இதன் இன்னொரு முகம் தெரிந்தது. அங்கே போரின் உச்சத்தில் 18 லட்சம் பேர்வரை முகாம்களில் இருந்தார்கள். பெரும்பாலான நிலத்துக்குப் பத்திரம் என்று எதுவும் கிடையாது. எல்லையைச் சொன்னது ஒரு மரம், ஓர் ஓடை, முதியவர்களின் ஞாபகம். வருடக்கணக்கில் முகாமில் கிடந்துவிட்டுத் திரும்பியபோது புதர் மண்டியிருந்தது, எல்லை தெரிந்த பல பெரியவர்கள் இறந்துபோயிருந்தார்கள், முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு எந்த மரம் என்றே தெரியவில்லை. எதிரி போன பிறகு சண்டை சொந்தத்துக்குள் வந்தது. அதில் அதிகம் அடிபட்டவர்கள் விதவைகள். புருஷனே இல்லை, உனக்கு எதற்கு நிலம் என்று கேட்டவர்கள் புருஷன் வீட்டார்தான்.

பறிபோன நிலத்தைத் திருப்பித் தருவதற்காகக் கொலம்பியா 2011இல் கொண்டுவந்த 1448ஆம் சட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. துரத்தப்பட்டவர் அடிப்படை ஆதாரத்தைக் காட்டினால் போதும். நிலத்தை இப்போது வைத்திருப்பவர்தான் அதை நேர்மையாக வாங்கியதாக நிரூபிக்க வேண்டும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவரிடம் பத்திரம் எங்கே என்று கேட்பது என்ன நியாயம்? (நிலம் கேட்டதற்காகவே அங்கே கொல்லப்பட்டவர்களும் உண்டு. சட்டம் தனியாக நின்று காப்பாற்றிவிடாது.) இலங்கையும் 2016இல் ஒன்று செய்தது. இன்னொருவர் காணியைப் பத்து வருடம் ஆண்டால் உரிமை கோரலாம் என்ற விதியால், போரில் ஓடியவர்கள் காணி இழக்காமலிருக்கத் தனிச் சட்டம் இயற்றியது.

வாழ்வாதார உதவி என்ற பெயரில் நடப்பதைப் பற்றிச் சுருக்கமாக: ஒரே ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தையல் மெஷின் கொடுத்தால், தைக்கத் துணி கொண்டுவருவது யார்? அப்புறம் வருமானம் இல்லாத அந்த இடைவெளியில், வாராந்தக் கடன் கொடுப்பவர் வாசலுக்கு வருவார்.

திரும்பிப் போவதுதான் ஒரே வெற்றி என்ற எண்ணமும் எனக்கு உடன்பாடில்லை. போரை முடித்துவைத்த 1995 டேட்டன் ஒப்பந்தத்துக்குப் பிறகு பொஸ்னியாவில் ஏராளமானோருக்கு வீடு திரும்பக் கிடைத்தது. பலர் அதை விற்றுவிட்டு, தாங்கள் வேரூன்றிய ஊரிலேயே இருந்துவிட்டார்கள். அதைத் தோல்வி என்று எழுதுகிறார்கள். விற்கும் உரிமை கையில் வந்ததே பெரிய விஷயம் என்கிறேன் நான்.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வெளியேற்றிய வடபுல முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். பெரும்பாலானோர் வடக்குக்கு வெளியே, புத்தளத்தில் தஞ்சமடைந்தார்கள். 2009க்குப் பிறகு திரும்பியபோது, ஒரு குடும்பமாகப் போனவர்கள் மூன்று நான்கு குடும்பமாகியிருந்தார்கள். காணி மட்டும் அதே ஒரு துண்டு. கேட்டால், புத்தளத்தில்தான் வீடு இருக்கிறதே என்ற பதில். இருபது வருடம் அங்கே பிழைத்துக்கொண்டதை, வடக்கில் உள்ள உரிமைக்கு எதிராகத் திருப்புவது அநியாயம். பிள்ளைகள் புத்தளத்தில் படிக்கட்டும், பெற்றோர் மன்னாரில் விதைக்கட்டும். இரண்டு இடத்திலும் காலூன்ற அனுமதிக்கிற மாதிரி வசிப்பிடப் பதிவு விதிகளை மாற்றுவதில் அரசுக்கு என்ன நஷ்டம்?