பொறுமைக்கு முதலில் இடைவெளி வேண்டும்
சாலையில் சக ஓட்டுநரிடம் பொறுமை காட்டச் சொல்வது சரிதான், ஆனால் முன்வண்டியோடு இடைவெளி இல்லாமல் பொறுமை வராது. 40 கி.மீ. வேகத்தில் வண்டி விநாடிக்கு 11 மீட்டர் ஓடும். முன்வண்டிக்கு இரண்டு விநாடி, அதாவது 22 மீட்டர் விட்டால், யாராவது குறுக்கே நுழைந்தாலும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பெரும்பாலும் போதும். பாதிக் கோபம் திடீர் பிரேக்கில்தான் பிறக்கிறது.

அண்ணா சாலையில் நிறுத்தத்திலிருந்து கிளம்பும் மாநகரப் பேருந்துக்குத் தயவுசெய்து வழிவிடுங்கள். பேருந்தின் ஏர் பிரேக்கை மிதித்ததும் காற்றழுத்தம் சக்கரத்தை எட்டச் சுமார் அரை விநாடி பிடிக்கும். இடப்பக்கம் ஒட்டி நிற்கும் பைக்கும் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. 'வேணும்னே இடிக்க வர்றான்' என்று பலர் கொதிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

அதையும் மீறி ஒருவர் துரத்தினால் கண்ணாடியை இறக்காதீர்கள், வீட்டுக்கும் போகாதீர்கள். ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி 100-ஐ அழையுங்கள்.