மெம்பிஸ் போட்டிக்கு நேரடி நுழைவு கிடையாது

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், அமெரிக்கக் கறுப்பினத்தவரிடையே பிறந்த ப்ளூஸ் இசைக்கு நடக்கும் போட்டியைப் பற்றி ஒருவர், "சர்வதேச ப்ளூஸ் சேலஞ்சுக்கு எந்த பேண்டும் மெம்பிஸுக்குப் பணம் கட்டிப் பெயர் கொடுத்துவிடலாம், ஊர்ச் சங்கமெல்லாம் வீண்" என்கிறார். தவறு.

1980-இல் தொடங்கிய ப்ளூஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு நடத்தும் போட்டி அது. அதனோடு இணைந்த வட்டார ப்ளூஸ் சங்கம் உள்ளூரில் போட்டி வைத்து, ஜெயித்தவர்களை அனுப்ப வேண்டும். பேண்டுக்குத் தனிப் பிரிவு. ஒருவரோ இருவரோ வாசிப்பவர்களுக்கு வேறு பிரிவு. மூன்றாவதாக ஒரு ஹார்மோனிகாக்காரர் சேர்ந்தால் அது பேண்டுதான். இதைக் கவனிக்காமல் தவறான பிரிவில் பெயர் கொடுத்துவிடுகிறார்கள்.

மதிப்பெண்ணும் விரல் வேகத்துக்கு மட்டும் இல்லை. ப்ளூஸ் தன்மை, குரல், வாசிப்பு, சொந்தத்தன்மை, மேடைத் தோரணை எல்லாம் உண்டு. பழைய பாட்டை அச்சு அசலாக நகலெடுத்தால் சொந்தத்தன்மையில் அடி விழும். நேரம் தாண்டினாலும் மதிப்பெண் குறையும். ட்யூன் செய்வதை மேடை ஏறும் முன்பே முடித்துவிடுங்கள்.

பயணச் செலவுக்குச் சங்கம் தரும் உதவி மட்டும் சங்கத்துக்குச் சங்கம் வேறுபடும். பல சங்கங்கள் நிதி திரட்டும் கச்சேரி நடத்தித்தான் அனுப்புகின்றன. பெயர் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.