மருந்தை விடுங்கள், மூட்டையைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில், எங்கள் மிட்ரண்ட் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரே சண்டை. வளாகத்துக் குளம் பிப்ரவரி வெயிலில் பச்சை பெயின்ட் கொட்டியது போல ஆகிவிட்டது, நாற்றம் வேறு. (இங்கே சின்னக் குளத்தையும் டேம் என்பார்கள். எனக்கு அது குளம்தான்.) பாசியைக் கொல்லும் மருந்தான காப்பர் சல்பேட் போட்டால் இரண்டே நாளில் தெளிந்துவிடும் என்று நிர்வாகக் குழு சொல்கிறது. நான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன்.

குச்சியை விட்டுப் பார்த்தேன். நூல் நூலாகச் சிக்கி வந்திருந்தால் சாதாரணப் பாசி என்று விட்டிருப்பேன். இது குச்சியில் அப்படியே பூசிக்கொண்டது. அநேகமாக நீலப்பச்சைப் பாசி. பெயர்தான் பாசி, உண்மையில் அது பாக்டீரியா. மைக்ரோசிஸ்டிஸ் போன்ற வகையாக இருந்தால் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு அதன் செல்லுக்குள் இருக்கலாம். காப்பர் சல்பேட் செல்லை உடைத்தால் நஞ்சு மொத்தமும் தண்ணீரில் இறங்கும். செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜனும் தீர்ந்து, விடிகாலையில் மீன்கள் செத்து மிதக்கும். நாயைத் தண்ணீரில் இறக்குகிறவர்கள் தயவுசெய்து இப்போதைக்கு நிறுத்துங்கள்.

சரி, பாசிக்குச் சோறு போடுவது யார்? தோட்டக் கொட்டகையில் 2:3:2 உரம் 50 கிலோ மூட்டைகளாக நிற்கிறது. அந்த எண்கள் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் கலந்திருக்கும் விகிதம். பாசிக்குச் சோறு நடுவில் உள்ள 3, அதாவது பாஸ்பரஸ். மூட்டையில் 22 என்று போட்டிருக்கிறது, அது மொத்தச் சத்தின் சதவீதம். கணக்குப் போட்டால் ஒரு மூட்டைக்கு ஏறக்குறைய 4.7 கிலோ பாஸ்பரஸ். ஒரு கிலோ பாஸ்பரஸ் 500 கிலோ பாசியை வளர்க்கும் என்பது ஏரிக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பாதி மூட்டை கரைந்து ஓடினாலும் ஒரு டன்னுக்கு மேல் ஆயிற்று. அதையும் அக்டோபர் இடிமழைக்கு முந்தின வாரம் பார்த்துத்தான் புல்தரையின் கிகுயூ புல்லில் தூவுகிறார்கள்! நடு எண் சிறிதான 5:1:5 உரமும் கடையில் கிடைக்கத்தான் செய்கிறது.

சிவகங்கைப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றியதும் தாத்தா கரம்பை மண்ணை வண்டியில் வயலுக்கு அடிப்பார். குளத்துச் சத்து நிலத்துக்குப் போயிற்று. நாம் காசு கொடுத்துச் சத்தை வாங்கிக் குளத்தில் தள்ளுகிறோம். அடிச்சேற்றில் சேர்ந்திருக்கும் பாஸ்பரஸ் ஆக்சிஜன் குறையும்போதெல்லாம் மேலே வரும், அதனால் உரத்தை நிறுத்திய மறுவருஷமே தெளியும் என்று நான் சொல்லவில்லை. 1923-இல் கட்டி முடித்த ஹார்ட்பீஸ்பூர்ட் அணையைப் பாருங்கள். ஜோகன்னஸ்பர்க் கழிவைச் சுமந்து வரும் ஆறுகள் அங்கே சேர்கின்றன. பாசியையும் ஆகாயத்தாமரையையும் எடுக்க எடுக்க வந்துகொண்டே இருக்கிறது.

சனிக்கிழமை கூட்டம். மருந்துக் காசில், ஆக்சிஜன் குறையாமலிருக்க மீன்தொட்டிக்கு வைப்பது போலப் பெரிய காற்று பம்ப் ஒன்று, ஓடிவரும் உரத்தைப் பிடிக்கக் கரையோரம் ஐந்தடி அகலத்துக்கு நாணல் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாணல் வைத்தால் பால்கனியிலிருந்து வியூ போய்விடும் என்று ஒருவர் பதில் போட்டிருக்கிறார். பதினொரு லைக்.