பழியைச் சேர்க்கையின் மீது போடுவதற்கு முன்

பாலையும் பழத்தையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது, உணவுக்குப் பின் பழம் தின்றால் அது வயிற்றிலேயே கிடந்து புளித்துவிடும், மாவுச்சத்தும் புரதமும் ஒரே வேளையில் ஆகாது என்றெல்லாம் பட்டியல்கள் நாள்தோறும் பகிரப்படுகின்றன. பகிர்பவர்கள் அக்கறையோடுதான் பகிர்கிறார்கள். ஆனால் சாப்பிட்டு எழுந்ததும் வயிறு உப்பி, ஏப்பமும் எரிச்சலுமாகத் தவிக்கும் ஒருவரை அவை தவறான இடத்தில் தேட வைக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. இரண்டு ஆண்டுகள் அப்படித் தேடியவன் நான்.

மாவுச்சத்தையும் புரதத்தையும் பிரித்து உண்ண வேண்டும் என்ற கொள்கையை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரப்பியவர் வில்லியம் ஹோவர்ட் ஹே என்னும் அமெரிக்க மருத்துவர். புரதத்துக்கு அமிலம் வேண்டும், மாவுச்சத்துக்கு அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை வேண்டும், சேர்ந்தால் இரண்டின் செரிமானமும் கெடும் என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உடல் அப்படி இயங்குவதில்லை. இரைப்பை அமிலத்தில் கூழான உணவு சிறுகுடலுக்குள் சிறிது சிறிதாக இறங்கும்போதே கணையநீரில் உள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தைத் தணித்துவிடுகிறது. அதே கணையநீரில் மாவுச்சத்துக்கான அமைலேஸ், புரதத்துக்கான டிரிப்சின், கொழுப்புக்கான லிப்பேஸ் ஆகிய மூன்று செரிமான நொதிகளும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. ஒரு பயறு மணிக்குள்ளேயே மாவுச்சத்தும் புரதமும் கலந்துதான் இருக்கின்றன. பழத்தோடு குடித்தால் பால் திரிந்துவிடும் என்கிறார்கள். தனியாகக் குடித்தாலும் இரைப்பையில் அது திரியத்தான் செய்யும், அதன் செரிமானமே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அப்படியானால் எதை எதோடு சாப்பிட்டாலும் ஒன்றுதானா என்றால், இல்லை. கூட்டுத்தொகை முக்கியம். வெங்காயம், பூண்டு, கோதுமை ஆகியவற்றில் உள்ள ஃபிரக்டான், பயறு வகைகளில் உள்ள ராஃபினோஸ், பாலின் லாக்டோஸ், தேனிலும் ஆப்பிளிலும் மிகுந்துள்ள ஃபிரக்டோஸ் போன்ற கார்போஹைட்ரேட்டுகள் சிறுகுடலில் முழுவதும் உறிஞ்சப்படாமல் பெருங்குடலை அடைந்தால், அங்குள்ள நுண்ணுயிரிகள் அவற்றை நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்குகின்றன. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவற்றை ஃபாட்மேப் என்ற ஒரே பெயரில் தொகுத்தார்கள். தனித்தனியே சிறிதளவு சாப்பிட்டால் தொந்தரவு தராதவை ஒரே வேளையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவியும்போது, குடல் உணர்திறன் மிகுந்தவருக்கு வலியாகவே மாறிவிடும்.

சில இடங்களில் சேர்க்கை நன்மையே செய்கிறது. உலகில் வயதுவந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு, பாலின் லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குறைந்துவிடுகிறது. அவர்களில் பலரும் ஒரு குவளைப் பாலை வெறும் வயிற்றில் குடிப்பதைவிட உணவோடு குடிக்கும்போது எளிதாகத் தாங்குகிறார்கள், ஏனெனில் உணவு இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கிறது.

நேரத்தையும் நாம் தவறாகப் படிக்கிறோம். உணவு பெருங்குடலை அடையப் பல மணி நேரம் ஆகும். ஆகவே சாப்பிட்ட அரை மணியில் எழும் உப்புசத்துக்கு முந்தைய வேளை உணவே காரணமாக இருக்கக்கூடும். பழி மட்டும் கடைசியாக வாயில் போட்டதன் மேல் விழுகிறது. நானும் உணவுக்குப் பின் வாழைப்பழம் சாப்பிடுவதை அப்படித்தான் கைவிட்டேன். உப்புசம் குறையவே இல்லை. பிறகு ஆறு வாரம் ஒரு குறிப்பேட்டில் நேரத்தோடு எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். மோசமான இரவுகளின் பக்கங்களைப் புரட்டியபோது ஒரே மாதிரியான வரிகள் கண்ணில் பட்டன: “9.45, வயிறு நிறைய, வெங்காயம் அதிகம். 10.15 படுக்கை.” இரவு உணவைக் குறைத்து, படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னதாக முடித்து, வெங்காயத்தைப் பாதியாக்கிய பிறகு நெஞ்செரிச்சல் அடங்கியது, உப்புசமும் பெரும்பாலும் தணிந்தது. வாழைப்பழம் மீண்டும் என் தட்டுக்கு வந்துவிட்டது.

என் விடை எல்லோருக்கும் பொருந்தாது. ஒருவருக்கு வெங்காயம் என்றால் இன்னொருவருக்குக் கோதுமையாகவோ, அவசரமாக விழுங்குவதாகவோ இருக்கலாம். ஆனால் இந்தப் பட்டியல்களைக் கண்டு நான் அஞ்சுவதற்கு வேறொரு காரணம் உண்டு. காரணமின்றி உடல் எடை குறைவது, மலத்தில் இரத்தம் அல்லது கருமை, விழுங்குவதில் சிரமம், ஓயாத வாந்தி, தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுவலி, இரத்தசோகை ஆகிய அறிகுறிகளோடு இருப்பவரும் அவற்றைப் படித்துவிட்டு, இன்று பாலையும் நாளை பழத்தையும் நிறுத்திப் பார்த்துக்கொண்டே மாதங்களைக் கடத்திவிடுகிறார். அத்தகைய ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த பட்டியலை அவருக்கு அனுப்பாமல் இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.