கடைசி வரிசை நாற்காலி

எங்கள் கல்லூரியின் சனிக்கிழமை விழாப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பாடம் எடுத்தவரையே கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டோம் என்று அதற்குக் கீழே நான் எழுதிய ஒற்றை வரியையும், அந்த வரிக்கு வந்த அறிவுரைகளையும்கூடப் பார்த்திருப்பீர்கள். ‘சின்ன விஷயத்தைப் பெரிசாக்குறீங்க சார்’ என்று மூன்று பேர் இன்பாக்ஸிலேயே வந்து சொன்னார்கள். சரி, ஆக்கித்தான் பார்ப்போமே. நேரமில்லாதவர்கள் இப்போதே நகர்ந்துவிடலாம்.

வரலாறு, வேதியியல், வணிகவியல் என்று மூன்று துறைப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு ஏரியையே பாடமாக எடுத்தோம். 2 கிரெடிட். பல்துறைப் பாடம், அனுபவவழிக் கற்றல், இன்னும் என்னென்ன பெயர் உண்டோ அத்தனையும் பேனரில் இருந்தது. அந்த ஏரியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்த ஊர் நீர்க்கட்டி, அதாவது மடையைத் திறந்து ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடுகிறவர். நிறைவு விழாவில் அவருக்குக் கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அப்புறம், மாணவர்களுக்குக் கொடுத்த அதே பங்கேற்புச் சான்றிதழ். பாடம் எடுத்தவருக்கு, பங்கேற்றதற்காகச் சான்றிதழ்! க்யூஆர் கோடு வேறு.

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். வேதியியல் பிள்ளைகள் பிஎச் மீட்டரோடு இறங்கினார்கள், வணிகவியல் பிள்ளைகள் கேள்வித்தாளோடு. பெரியவர் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அரைமணி நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி ஒரு நிமிஷம் சும்மா நின்றார். “நேத்து இந்நேரத்துக்கு இப்ப ரெண்டு விரக்கடை கம்மி. மேல எவனோ வெட்டி வுட்டுருக்கான்” என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும்தான். கால் கிலோமீட்டர் மேலே நடந்தால், வரப்பில் மண்வெட்டி போட்ட இடம் ஈரம் காயாமல் இருக்கிறது.

அதற்குப் பிறகு யாரும் மீட்டரைத் தொடவில்லை. ஒரு வணிகவியல் மாணவி, “தாத்தா, தண்ணி எல்லாருக்கும் பத்தலைன்னா யாருக்கு முதல்ல விடுவீங்க?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கான பதில் முக்கால் மணி நேரம் ஓடியது. கதிரில் பால் பிடிக்கிற வயலுக்கு இன்றைக்கே வேண்டும், மற்றது ஒரு நாள் தாங்கும். போன முறை விட்டுப்போன கடைமடைக்காரனுக்கு இந்த முறை முன்னுரிமை. சண்டைக்காரன் வயலுக்குப் பகலில் மட்டும்தான் விட வேண்டும், ராத்திரி விட்டால் அடுத்தவன் வயலுக்குப் போகிற தண்ணீரையும் திருப்பிக்கொள்வான். அவள் எழுதியெழுதிக் கை வலித்து உதறியதைப் பார்த்தேன். பற்றாக்குறை காலப் பங்கீட்டை நாங்கள் மூன்று வருடம் கரும்பலகையில் கிழிக்கிறோமே, அது இதுதான். இதை எடுத்தவர் யார்? நானா?

அந்தப் படிப்பில் உத்திரமேரூருக்கும் போனோம். 919, 921 ஆண்டுகளின் முதலாம் பராந்தகன் கல்வெட்டு, குடவோலை, ஏரி வாரியம் எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்ததுதான். வாரிய உறுப்பினருக்கு இறை கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் என்று நான் வழக்கமான பெருமையோடு வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் கேட்டான்: “அப்ப மடையத் தெறந்தவர் ஏரி வாரியத்துல இருக்க முடியாதா சார்? அவருக்கு நிலம் இருந்திருக்காதே.” எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆயிரத்து நூறு வருடம் கழித்து, எங்கள் பேனரிலும் அவர் பெயர் இல்லை. பேனர்தான், கல்வெட்டுகூட இல்லை, பெயர் சேர்க்க நூறு ரூபாய் ஆகியிருக்காது.

‘விழாவென்றால் நெறிமுறை இருக்கிறது, எல்லாரையும் மேடையேற்ற முடியுமா’ என்கிறார் ஒருவர். ஏன் முடியாது? செமஸ்டர் பக்கமே எட்டிப்பார்க்காத நாலு பேர் மேடையில் இருந்தார்கள். அதில் ஒருவர் ஏரியைக் குளம் என்றே கடைசி வரை பேசினார்.

‘பட்டம் இல்லாதவரை ஆசிரியர் என்று எப்படிச் சொல்வது?’ இதைக் கேட்டவர் என் சக பேராசிரியர் என்பதால் கொஞ்சம் மரியாதையாகவே சொல்கிறேன். 2022இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ‘புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்’ என்று ஓர் ஆசிரியர் பதவியைக் கொண்டுவந்தது. துறையில் 15 வருட அனுபவம் இருந்தால் பட்டம் கட்டாயமில்லை, மொத்தப் பணியிடங்களில் 10 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம். கம்பெனி அதிகாரி கோட்டு போட்டு வந்தால் இந்த விதி எல்லாருக்கும் ஞாபகம் வருகிறது. பெரியவருக்கு நாற்பது வருட அனுபவம். கோட்டு மட்டும்தான் இல்லை.

‘இதைப் படித்தால் வேலை கிடைக்குமா’ என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. அலுத்துவிட்டது.

நான் படிக்கும்போது நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போனேன். ஏழு நாள். கோயில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம், நாலு வேப்பங்கன்று நட்டோம். ஐந்தாம் நாள் ஊர்ப் பெண்களை உட்கார வைத்துச் சுகாதாரம் பற்றி நான் உரையாற்றினேன், பத்தொன்பது வயதில்! கடைசியில் ஒரு பாட்டி, “கண்ணு, நல்லா பேசின. அஞ்சு நாளா நீங்க தின்ன தட்டை யார் கழுவுறான்னு பாத்தியா?” என்றார். பார்க்கவில்லை. அந்த ஊர்ப் பெண்கள்தான் கழுவினார்கள். முகாம் அறிக்கையில் அவர்களுக்கு ‘பயனாளிகள்’ என்று பெயர். இன்றைக்கும் செய்தித்தாளைப் புரட்டுங்கள், ‘விவசாயிகளுக்கு மாணவிகள் செயல்விளக்கம்’ என்றுதான் வரும். திருப்பிப் போட்டு ஒரு தலைப்பை நான் இதுவரை பார்த்ததில்லை.

வந்த விமர்சனங்களில் ஒன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ‘நீர்க்கட்டி வேலை சாதி சுமத்திய வேலை. பெரும்பாலும் தலித்துகள். தங்களுக்கு நிலமில்லாமல் அடுத்தவன் நிலத்துக்கு ராத்திரி முழுக்கத் தண்ணீர் கட்டி, அறுப்பில் கொஞ்சம் நெல் வாங்கிப் பிழைத்தவர்கள். நீங்கள் அதை மரபு அறிவு என்று சால்வை போர்த்தப் பார்க்கிறீர்கள்’ என்று ஒரு பழைய மாணவர் எழுதியிருந்தார். உண்மை. மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. பெரியவரின் மகன் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறான், போகட்டும், அவன் மடைக்கு வர வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் தம்பி, அதனால்தானே அந்தக் கடைசி வரிசை இவ்வளவு உறுத்துகிறது? ஊரில் எந்த இடத்தில் நிற்க வைத்தார்களோ அதே இடத்தில் ஒரு கல்லூரியும் உட்கார வைக்குமென்றால், அப்புறம் என்ன பல்துறை, என்ன அனுபவம், என்ன மண்ணாங்கட்டி.

‘நீங்கள்தானே ஒருங்கிணைப்பாளர், நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?’

பேனருக்குப் பிழை திருத்தியது நான். ஒற்று மிகுமா மிகாதா என்று கால் மணி நேரம் பார்த்தேன். அவர் பெயர் இல்லாதது கண்ணில் படவே இல்லை. அவருக்கு மதிப்பூதியம் கேட்டுக் கடிதம் கொடுத்தேன், ‘ஆதார், வங்கிப் புத்தகம், கல்வித்தகுதிச் சான்று இணைக்கவும்’ என்று திரும்பி வந்தது, நானும் அப்படியே மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். மேடையில் என் நாற்காலி மூன்றாவது. எழுந்து போய்ப் பின்னால் உட்கார்ந்திருக்கலாம், உட்காரவில்லை.

விழா முடிந்து அவரைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார், மடிப்புக்கூடக் கலையவில்லை. சான்றிதழை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, “இங்கிலீசுல இருக்குது, இதுல என்னா சார் போட்டுக்குது?” என்று கேட்டார்.

“ஏரியப் பத்திப் பாடம் எடுத்ததுக்கு காலேஜ் உங்களுக்கு நன்றி சொல்லியிருக்குங்க ஐயா” என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.