மதுரையில் எதை வாங்கிச் செல்வது?

மதுரைக்கு வருகிற உறவினர்களும் நண்பர்களும் மீனாட்சியம்மன் கோயிலில் தரிசனம் முடித்து வெளியே வந்ததும், ஊர் நினைவாக வாங்கிச் செல்ல இங்கே என்ன கிடைக்கும் என்று கேட்கிறார்கள். கோபுரப் படம் போட்ட சாவிக்கொத்தும் நெகிழிப் பொம்மையும் கிடைக்கும்தான். ஆனால் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி எல்லாக் கோயில் வாசல்களிலும் விற்கப்படுகிற பொருள்கள் அவை. மதுரைக்காரர்கள் தங்கள் வீட்டுக்கும் திருவிழாவுக்கும் எதைத் தேடி வாங்குகிறார்களோ, அதையே வெளியூர்க்காரர்களும் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தை 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டினார். மீனாட்சி திருக்கல்யாணமும் நாயக்க மன்னர்களின் ஆளுயரச் சிலைகளும் நிற்கும் அந்தத் தூண்களுக்கு இடையில்தான் எங்கள் ஊரின் பழைய கடைவீதி பல தலைமுறைகளாக இயங்கியது. பாத்திரம், வளையல், குங்குமம், பஞ்சாங்கம், பாடப்புத்தகம் என எல்லாமே அங்கே கிடைத்தன என்றாலும், அந்த இடத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் தையற்காரர்களே. சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும்போது வேண்டுதலுக்காகத் தண்ணீர் பீய்ச்சுகிற பக்தர்கள் அணியும் சரிகை வைத்த சல்லடமும் கச்சையும் உருமாலும், தேரில் தொங்கும் உருளை வடிவத் துணி அலங்காரங்களான தொம்பைகளும், குலசாமிக்குச் சார்த்தும் பட்டுப்பாவாடையும் அவர்கள் கையில்தான் உருவாயின. பங்குனி பிறந்துவிட்டால், சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அந்தக் கடைகள் இப்போது அருகிலேயே உள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. 2018 பிப்ரவரியில் கோயிலின் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்து, கல் தூண்கள் வெடித்துச் சிதறியதைக் கண்ட ஊர் இது. அதன் பிறகும் துணிக்கட்டுகளையும் மின்கம்பிகளையும் சிற்பங்களுக்கு நடுவில் வைத்திருக்க வேண்டும் என்று நான் வாதிட மாட்டேன். மாற்றியது சரியே. ஆனால் கோயில் வாசலில் இருந்த வரை கண்ணில் பட்ட கடைக்கு, மாடிப்படி ஏறித் தேடி வர வேண்டிய நிலை வந்தபின் வாடிக்கையாளரைக் கொண்டு சேர்ப்பதும் ஊரின் பொறுப்புத்தான். சிற்பத்தைக் காப்பாற்றியதில் எவ்வளவு அக்கறை காட்டினோமோ, அவ்வளவு அக்கறை அந்தத் தையல் தொழிலுக்கும் உரியது. வெளியூரிலிருந்து வருகிறவர் தம் வீட்டுப் பூசையறைக்கு ஒரு சிறிய தொம்பையோ, சாமி படத்துக்கு ஒரு சரிகைத் திரையோ அங்கே அளவு சொல்லித் தைத்து வாங்கலாம். அது மதுரையின் கைவேலை என்று எவரிடமும் தயங்காமல் காட்டலாம்.

சுங்குடிச் சேலைக்கும் இதே அளவுகோல் பொருந்தும். நாயக்கர் காலத்தில் மதுரையில் வேரூன்றிய சௌராஷ்டிரர்கள் வளர்த்த கலை இது. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. துணியை நுனிவிரலால் கிள்ளி, நூலால் இறுக முடிந்து, சாயத்தில் நனைத்து, பிறகு முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடம் புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகளைப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து போட்டுக் கொடுத்த தொழில் அது. இன்று விளக்குத்தூண் பக்கத்துத் துணிக்கடைகளில் சுங்குடி என்று விற்பவற்றில் பெரும்பாலானவை அச்சிட்டவை. அச்சுப்புள்ளிகள் எல்லாம் ஒரே அளவில் இருக்கும். முடிச்சுப் போட்ட சேலையில் ஒவ்வொரு புள்ளியும் சற்றே வேறுபடும், தொட்டால் முடிச்சு இழுத்த சுருக்கம் விரலில் தட்டும். விலை கூடத்தான் இருக்கும். அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்க மனம் இல்லாதவர் அச்சுச் சேலையை அச்சுச் சேலை என்று அறிந்தே வாங்கட்டும். ஆனால் முடிச்சுச் சேலையைப் பேரம் பேசி அடிமாட்டு விலைக்குக் கேட்பது அந்த உழைப்புக்குச் செய்யும் அவமரியாதை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஊர்க்காரர்கள் கோபிப்பார்கள். பாதாம் பிசினும் நன்னாரியும் சுண்டிய பாலும் சேர்ந்த ஜிகர்தண்டாவைத் தேடி எல்லாரும் தாமாகவே போய்விடுகிறார்கள், அதற்கு என் பரிந்துரை தேவையில்லை. நான் பரிந்துரைப்பது, தள்ளுவண்டியில் பித்தளைக் குடத்தோடு வரும் பருத்திப்பால். ஊறவைத்த பருத்திக்கொட்டையை அரைத்துப் பிழிந்த பாலில் கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சுவார்கள். கருப்பட்டியா வெல்லமா என்று வண்டிக்காரரிடம், "அண்ணே, இன்னைக்கு எதுல காய்ச்சினீங்க?" என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள், மறைக்காமல் சொல்வார்.

எனக்கு ஒரேயொரு வேண்டுகோள் உண்டு. கிழக்குக் கோபுர வாசலில், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வருகிற ஒவ்வொருவர் கண்ணிலும் படும்படி, குன்னத்தூர் சத்திரத்துக்கு வழிகாட்டும் பெரிய பலகை ஒன்று வேண்டும். அதில் தமிழோடு இந்தியும் தெலுங்கும் ஆங்கிலமும் இருக்கட்டும். உள்ளே தையற்காரர்கள் எந்தத் தளத்தில் இருக்கிறார்கள் என்பதும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.