மைக் எல்லோருக்கும் உண்டு, இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம்

2024 மொரீஷியஸ் பொதுத்தேர்தலில் நிற்கிற நம் ஊர்ப் பெண் ஒருத்திக்கு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோவில் மண்டபத்தில் நடந்ததை நீங்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டீர்கள், அதனால் முழுக்கதையையும் இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் சுற்றுகிற அந்த வீடியோ, அவள் குரலை உயர்த்துகிற இடத்தில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தை வெட்டி எறிந்துவிட்டு யாரோ அனுப்பியிருக்கிறார்கள். நான் அங்கேயே இருந்தேன். பூசை முடிந்து, திருநீறு கொடுத்து, எல்லோரும் மண்டபத்தில் வந்து உட்கார்ந்த பிறகு அவள் கோவில் சபைத் தலைவரிடம் போய், "அங்கிள், இரண்டு நிமிஷம் பேசிக்கொள்ளட்டுமா" என்று கேட்டாள். அவ்வளவு மரியாதையாகத்தான் கேட்டாள். "இது அரசியல் பேசுகிற இடம் இல்லை" என்றார் அவர். சரி என்று அவள் திரும்பிவிட்டாள். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஓட்டைப் பிரிக்க வந்தவளுக்கு மைக் ஒரு கேடா" என்றார். இன்னொருவர் அவளுடைய அம்மா யார் யார் வீட்டில் பாத்திரம் தேய்த்தார் என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். அதற்குப் பிறகுதான் அவள் குரல் உயர்ந்தது. உங்கள் அம்மாவைச் சொன்னால் உங்கள் குரல் உயராதா?

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். கோவிலில் அரசியல் வேண்டாம் என்றால் யாருக்குமே வேண்டாம். புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை கோவிந்தன் பூசைக்குப் பெரிய கூட்டணியின் வேட்பாளர் வந்தாரே, அவருக்கு மேளம் வாசித்து வரவேற்பு கொடுத்தோம், முன்வரிசையில் நாற்காலி போட்டோம், சால்வை போட்டோம், அதே மைக்கைக் கையில் கொடுத்தோம். அவர் 14-ஆவது மாதச் சம்பளம் என்கிற போனஸ் பற்றிப் பேசினார், சாலைக்குத் தார் போடுவது பற்றிப் பேசினார், கடைசியில் ஒரு திருப்புகழ் வரியைத் தப்பும் தவறுமாகச் சொன்னார், நாம் கை தட்டினோம். அது அரசியல் இல்லையா? தேர்தல் தேதி அறிவித்த பிறகு நடந்த பூசை அது. "அவர் பக்தராக வந்தார்" என்று சபையில் ஒருவர் எனக்கு விளக்கம் சொல்கிறார். இவளும் பக்தையாகத்தான் வந்தாள். சின்ன வயதிலிருந்து இதே கோவிலில் காவடி எடுத்தவள், வாயில் அலகு போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தவள். அவரை நான் தைப்பூசத்தில் நம் கோவிலில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அப்புறம், கோவிலுக்கும் அரசியலுக்கும் சம்பந்தமே இல்லை என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1948 தேர்தலுக்கு முன் இந்தத் தீவில் வாக்குரிமை சொத்தும் வருமானமும் உள்ள சிலருக்குத்தான் இருந்தது. 1947 அரசியலமைப்பு வந்த பிறகு, இங்கே புழங்குகிற ஏதாவது ஒரு மொழியில் எளிய வாக்கியம் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், வாக்குப் போடலாம் என்று ஆனது. தமிழும் அந்த மொழிகளில் ஒன்று. என் தாத்தா பகல் முழுக்கக் கரும்பு வெட்டிவிட்டு, ராத்திரி அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் தமிழ் எழுத்து கற்றுக்கொண்டது இதே கோவிலின் பழைய ஓலைக் கொட்டகையில்தான். எதற்காகக் கற்றார்? தேவாரம் படிக்க மட்டுமா? வாக்காளர் பட்டியலில் பெயர் ஏற வேண்டும் என்பதற்காக. தோட்டத்து மேற்பார்வையாளரான சர்தாருக்கும் துரைக்கும் எதிராக ஒரு குறி போட வேண்டும் என்பதற்காக. எங்கள் பாட்டிக்கு எழுத்து வரவில்லை, 1959-இல் எல்லோருக்கும் வாக்குரிமை வந்த பிறகுதான் அவர் முதல்முறை வாக்களித்தார். இந்தக் கோவில் நம்மை வாக்காளர் ஆக்கிய கோவில். இன்று இங்கே ஒரு வேட்பாளருக்கு இரண்டு நிமிடம் கிடையாது என்கிறோம். அதுமட்டுமா, மத அமைப்புகளுக்கு அரசாங்கம் வருடா வருடம் மானியம் தருகிறது, அது எல்லோர் வரியிலிருந்தும் போகிற பணம், பாத்திரம் தேய்த்த அந்த அம்மா கடையில் சாமான் வாங்கும்போது கட்டிய வரியும் அதில் இருக்கிறது.

இனி "ஓட்டைப் பிரிக்கிறாள்" என்ற பேச்சுக்கு வருகிறேன், எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது இதுதான். நம் தீவில் ஒரு தொகுதிக்கு மூன்று உறுப்பினர்கள். வாக்குச்சீட்டில் மூன்று குறி போட வேண்டும், குறைத்துப் போட்டாலும் செல்லாது, கூட்டிப் போட்டாலும் செல்லாது. மூன்று வாக்கு கையில் வைத்திருக்கிறவர்கள், அதில் ஒன்றை நம் ஊர்ப் பெண்ணுக்குப் போட்டால் வானம் இடிந்து விழுந்துவிடுமா? கட்சிக்காரர்கள் "ப்ளோக் போடு, மூன்றையும் எங்களுக்கே போடு" என்று கத்துவார்கள், கூப்பே-த்ராஞ்ஷே, அதாவது மூன்று வாக்கையும் வெவ்வேறு பக்கமாகப் பிரித்துப் போடுவது, செய்யாதே என்பார்கள், அது அவர்கள் தொழில். நாம் ஏன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்? மூன்றையும் ஒரே பக்கம் போட்டுப் போட்டு என்ன கண்டோம்? 1982-இல் 60-க்கு 60, 1995-இல் மறுபடி 60-க்கு 60. இரண்டு முறையும் எதிர்க்கட்சி வரிசையில் பெயருக்குத்தான் ஆள் இருந்தது, கேள்வி கேட்க ஆள் இல்லை. அவள் யாருடைய வாக்கையும் பிரிக்கவில்லை. வாக்கு என்னுடையது. நான் கொடுக்காதவரை அது எந்தக் கூட்டணிக்கும் சொந்தம் இல்லை.

அவள் எப்படிப் பிரசாரம் செய்கிறாள் என்று யாராவது பார்த்தீர்களா? ஒரு லாரி கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது, சாலைக்குக் குறுக்கே கட்டுகிற கலர் கொடி கிடையாது, 'பாஸ்' என்கிற தேர்தல் கொட்டகையில் பிரியாணிப் பொட்டலமும் பியரும் கிடையாது. கறுப்பு வெள்ளையில் நகலெடுத்த ஒரு தாள், நான்காக மடித்தது. முன்பக்கம் கிரியோல் மொழியில், பின்பக்கம் தமிழில் நாலே வரி. வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கி, இருட்டுகிற வரை வீடு வீடாகப் போகிறாள், அவளோடு இரண்டு தோழிகள், சில நாள் அவள் தம்பி. நாய் துரத்துகிறது, கேட்டைத் திறக்காமலே பேசி அனுப்புகிறார்கள், "எந்தப் பெரிய ஆள் உன்னை அனுப்பினார்" என்று கேட்கிறார்கள். ஒரு நாள் நானும் கூடப் போனேன். ஒரு வீட்டில் பின்பக்க அடுப்படியில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து விசேஷத்துக்குப் பூசணியும் பலாக்கொட்டையும் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். இவள் தாளை நீட்டவில்லை. பலகையில் உட்கார்ந்து ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு பலாக்கொட்டைத் தோலை உரிக்க ஆரம்பித்துவிட்டாள். உரித்துக்கொண்டே, "அக்கா, ஏழு மணிக்கு மேல பஸ் இருக்கா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், பேச்சு பிடித்துக்கொண்டது. ஒருத்தியின் மகள் டவுனில் கடை மூடிவிட்டு வரும்போது கடைசி பஸ் போய்விடுகிறதாம், டாக்சிக்கு ஒரு நாள் கூலியில் பாதி போய்விடுகிறதாம். இன்னொருத்தி ஒப்பந்தக்காரரிடம் துப்புரவு வேலை பார்க்கிறார். குறைந்தபட்சச் சம்பளம் 2024 ஜனவரியிலிருந்து 16,500 ரூபாய் என்று சட்டம் சொன்னது, கைக்கு வருவதற்குள் எதை எதையோ கழிக்கிறார்களாம். இவள் ஒரு பள்ளிக்கூட நோட்டில் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள், விரலில் பலாப்பால் ஒட்டிக்கொண்டு பேனா வழுக்கியது. அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது வாக்குப் போடுங்கள் என்றுகூட அவள் கேட்கவில்லை, நான்தான் கேட்டேன். புரட்டாசியில் மைக் பிடித்தவர் இப்படி ஒரு அடுப்படிக்குள் என்றைக்காவது வந்திருக்கிறாரா?

உங்கள் மாணவி என்பதால் ஆதரிக்கிறீர்கள் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். ஆமாம், என்னிடம் தமிழ் படித்த பிள்ளைதான், இன்னும் என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுகிறாள். அதில் என்ன ஒளிவுமறைவு? என்னிடம் படித்த எத்தனையோ பேர் எத்தனையோ கட்சிகளில் இருக்கிறார்கள், எல்லோருக்கும் நான் பதிவு எழுதிக்கொண்டிருக்கவில்லை. 2020 ஆகஸ்ட்டில் வக்காஷியோ கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்து மாயேபூர்க் கரையெல்லாம் கறுத்துப்போனபோது, பகலும் இரவும் துணிப்பைக்குள் கரும்புச் சோகையைத் திணித்து, பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டி, மிதவை தைத்த கூட்டத்தில் அவளும் இருந்தாள். அதிகாரிகள் ஒதுங்கி நில்லுங்கள் என்று சொன்ன பிறகும் அந்தப் பிள்ளைகள் நகரவில்லை. என் வீட்டுத் திரைச்சீலைகளைக்கூட வாங்கிக்கொண்டு போனாள். அப்போது யாரும் அவளிடம் நீ எந்தக் கூட்டணி என்று கேட்கவில்லை.

அடுத்த குற்றச்சாட்டு, அவள் நம் கலாசாரத்துக்கு எதிரானவள் என்பது. எதை வைத்து? 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தண்டனைச் சட்டத்தின் 250-ஆம் பிரிவு இரண்டு ஆண்களின் சொந்த வாழ்க்கைக்குள் தலையிடக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னபோது அவள் அதை வரவேற்று எழுதினாள், அதைத் தோண்டியெடுத்துப் பரப்புகிறார்கள். வரவேற்றாள்தான். நானும் வரவேற்கிறேன். வேறு விளக்கம் கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

ஆனால் ஒரு பயத்தை மட்டும் நான் ஒதுக்கிவிட மாட்டேன். அது உண்மையான பயம், நம் பெரியவர்கள் சிலர் என்னிடம் வருத்தத்தோடு சொன்னார்கள். வேட்புமனுவில் எந்தச் சமூகம் என்று எழுதுகிற அந்தக் கட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்று அவள் பேசுகிறாள், அது போனால், தோற்ற வேட்பாளர்களில் சிலருக்குச் சமூகக் கணக்குப் பார்த்துக் கூடுதலாக எட்டு இடங்கள் வரை தருகிற பெஸ்ட் லூசர் முறை போய்விடும், நம்மைப் போன்ற சிறிய சமூகம் நாடாளுமன்றத்தில் காணாமல் போய்விடும் என்கிறார்கள். நம்மைப் பல காலமாக ஓரமாகத்தான் வைத்திருக்கிறார்கள், 1998-இல் ரூபாய் நோட்டில் தமிழுக்கு இருந்த இடத்தை மாற்றி அச்சடித்தபோது தெருவுக்கு வந்து போராடித்தான் மீட்டோம், அதனால் அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் அந்தக் கட்டத்தை ஒரு தடவை படித்துப் பாருங்கள். அரசியலமைப்பின் முதல் அட்டவணையில் இருப்பது நான்கு சமூகங்கள்: இந்து, முஸ்லிம், சீன-மொரீஷியன், மற்றவர்கள் எல்லோரும் 'பொதுமக்கள்' என்ற நான்காவது பிரிவு. தமிழர் என்று அதில் எங்கே இருக்கிறது? நம்மை இந்துவில் சேர்த்து எண்ணுகிறார்கள். அந்த எட்டு இடங்களில் ஒன்றுகூடத் தமிழர் என்பதற்காக யாருக்கும் கொடுக்கப்படுவதில்லை. கணக்குக்கு இன்னும் 1972 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான் வைத்திருக்கிறார்கள், அந்த எண்ணிக்கையைப் புதுப்பிக்காமல் சமூகத்தை எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது சரியில்லை என்று ஐ.நா. மனித உரிமைக் குழுவே 2012-இல் சொல்லிவிட்டது. நமக்கு எதையும் தராத ஒரு கட்டத்தைக் காப்பாற்றுவதற்காக நம் பிள்ளையை நாமே விரட்டுகிறோம். இதைத்தான் அவள் மைக்கில் சொல்ல வந்தாள். இரண்டே நிமிடம் கொடுத்திருந்தால் பெரியவர்கள் எதிர்க்கேள்வி கேட்டிருக்கலாம், அவளும் பதில் சொல்லியிருப்பாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை நினைத்தாலே தொண்டை அடைக்கிறது. ஒவ்வொரு செப்டம்பரிலும் அஞ்சலை கூப்பனுக்கு மாலை போடுகிறோம். 1943 செப்டம்பர் 27, பெல் வியூ ஹரேல் தோட்டம், கர்ப்பிணிப் பெண், கூலி கேட்டு நின்ற தொழிலாளர்களில் ஒருத்தி, போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானாள். நம் பெண் என்று பெருமைப்படுகிறோம், அவள் பெயரில் விளையாட்டரங்கமே இருக்கிறது, நானும் வகுப்பில் வருடா வருடம் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட ஒரு தோட்டத்துப் பெண்ணின் மகள் உயிரோடு நம் முன்னால் வந்து நின்று பேச வேண்டும் என்று கேட்டால், உன் அம்மா பாத்திரம் தேய்த்தவள்தானே என்கிறோம். அந்த மண்டபத்தில் ஏழு கறி சமைப்பது யார்? வாழை இலை கழுவுவது யார்? தைப்பூசத்துக்கு முந்தைய ராத்திரி முழுக்கக் கண் விழித்து அரிசி களைவது யார்? சபைக் கூட்டத்தில் பெண்களின் கருத்தைக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. ஒருமுறை கணக்கு வாசிக்கும்போது நான் எழுந்து ஒரு கேள்வி கேட்டேன், "மிஸ், சாப்பாடு ரெடியா பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு எனக்காக யாரும் எழுந்து நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்காகவும் யாரும் நிற்கவில்லை, என்னையும் இன்னும் இரண்டு அக்காமார்களையும் தவிர.

அவள் ஜெயிக்க மாட்டாள் என்கிறீர்கள். ஜெயிக்காமல் போகலாம், நவம்பர் 10-ஆம் தேதி வாக்களித்து மறுநாள் எண்ணும்போது தெரிந்துவிடும். ஜெயிக்கிறவருக்குத்தான் மைக் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? சபைத் தலைவரிடம் நான் நேரில் பேசிவிட்டேன், எழுத்திலும் கொடுத்திருக்கிறேன்: தேர்தல் முடியும்வரை எந்தக் கட்சிக்காரருக்கும் மண்டபத்தில் மைக்கும் மாலையும் கிடையாது என்று அறிவிப்பு ஒட்டுங்கள், அல்லது எல்லா வேட்பாளருக்கும் ஒரே அளவு நேரம் கொடுங்கள். இதுவரை பதில் இல்லை.

பதில் வரும்வரை என் வீட்டு வாசல் இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை, நவம்பர் 2, ஒப்பந்தத் தொழிலாளர் வருகை தின விடுமுறை, சாயங்காலம் நான்கு மணிக்கு அவள் வந்து பேசுகிறாள். இரண்டு கூட்டணி வேட்பாளர்களுக்கும் ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறேன், வந்தால் அவர்களுக்கும் அதே பத்து நிமிடம், அதே நாற்காலி, யாருக்கும் சால்வை கிடையாது. வீடியோவைப் பரப்பியவர்களும் வாருங்கள், கேள்வி கேளுங்கள், ஆனால் யாருடைய அம்மாவைப் பற்றியும் பேசக்கூடாது. அன்றைக்குக் கந்த சஷ்டி விரதம் தொடங்குகிறது, கோவிலுக்குப் போகிறவர்கள் நேரத்துக்குப் போய்ச் சேரும்படி ஐந்தரைக்குள் முடித்துவிடுவோம். மழை வந்தால் கராஜுக்குள் உட்காரலாம். பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறவர்கள் கொண்டு வாருங்கள், என்னிடம் போதுமான அளவு இல்லை.